வெந்த உடம்புக்கு இருபது நிமிடத் தண்ணீர்

நம் மாவட்டத்துச் செய்திகளில் ஒரு வாக்கியம் அச்சு வார்த்து வைத்ததுபோல வந்துகொண்டே இருக்கிறது: ‘மருந்துக் கலவையின்போது உராய்வு ஏற்பட்டு வெடி விபத்து.’ அடுத்த வரியில் இறந்தவர்களின் எண்ணிக்கை. அதற்கும் அடுத்த வரியில், ‘80 சதவீதத் தீக்காயத்துடன் அரசு மருத்துவமனையில் அனுமதி.’ மூன்று நாள் கழித்து உள்பக்கத்தில் சின்னதாக, ‘சிகிச்சை பலனின்றி’. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் 38 பேர் போனார்கள். 2021 பிப்ரவரி 12 அன்று அச்சங்குளத்தில் 20-க்கும் மேற்பட்டவர்கள். இடையில் ஒருவர் இருவராகப் போனவர்களை ஊர் மட்டும்தான் நினைவில் வைத்திருக்கிறது.

அந்த 80 சதவீதத்தை யார் அளந்தார்கள், எப்படி அளந்தார்கள் என்று நம் தெருவில் யாரும் கேட்பதில்லை. பத்து சதவீதம், பதினைந்து சதவீதம் வெந்தவர்கள் செய்தியில் வருவதே இல்லை. அவர்கள் பிழைத்து, கை மடங்கி, கழுத்து இழுத்து, வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருப்பவர்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சரியான கைகள் பட்டிருந்தால் அவர்களில் பலருடைய காயம் இவ்வளவு ஆழமாகப் போயிருக்காது. அதனால் இந்த வாரம் தீக்காயத்தைப் பற்றி எழுதுகிறோம். தலித் பிரச்சினை பேசும் பத்தியில் மருத்துவக் குறிப்பு எதற்கு என்று சிலர் நினைக்கலாம். பட்டாசு ஆபீஸ், தீப்பெட்டி ஆபீஸ், செங்கல் சூளை, சுண்ணாம்புக் காளவாசல், வெல்லம் காய்ச்சும் கொப்பரை, சுடுகாட்டுச் சிதை, ஆசிட் ஊற்றிக் கழுவும் கழிப்பறை இவற்றில் எல்லாம் யார் நிற்கிறார்கள் என்று ஒரு தரம் எண்ணிப் பார்த்தால் போதும். தீ நம் பக்கம் வருவது தற்செயல் இல்லை. 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேரோடு எரிந்தது ஒரு குடிசை என்பதையும் நாம் மறந்துவிடவில்லை.

முதலில் தண்ணீர்

தீக்காயத்துக்கு உலகம் முழுக்க மருத்துவர்கள் ஒப்புக்கொண்ட முதல் மருந்து ஓடுகிற தண்ணீர். குழாயைத் திறந்துவிட்டு, வெந்த இடத்தை அதன் அடியில் 20 நிமிடம் வைத்திருக்க வேண்டும். பட்டவுடனே செய்தால் மிக நல்லது. நேரம் தப்பிவிட்டாலும் மூன்று மணி நேரம் வரை இதனால் பயன் உண்டு. தீ அணைந்த பிறகும் தோலுக்குள் சூடு தங்கி அடியில் இருக்கும் சதையை வேக வைத்துக்கொண்டே போகும். அடுப்பிலிருந்து இறக்கி வைத்த பிறகும் சோறு தன் சூட்டிலேயே குழைவதைப் பார்த்திருப்போம், அது மாதிரிதான். தண்ணீர் அந்தச் சூட்டை வாங்கிக்கொண்டு போய்விடுகிறது. வலியும் குறைகிறது. ஐஸ் வைக்கக் கூடாது. ஐஸ் பட்டால் அந்த இடத்து ரத்த ஓட்டம் சுருங்கிக் காயம் இன்னும் ஆழமாகும். பானைத் தண்ணீர் அளவு குளிர்ச்சி போதும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கிறது. இருபது நிமிடம் ஓடும் தண்ணீர் காலனியில் எந்த வீட்டில் இருக்கிறது? நான்கு நாளுக்கு ஒருமுறை, அதுவும் விடியற்காலையில் அரை மணி நேரம் வருகிற தெருக்குழாய். ஊருக்குள் தொட்டி, காலனிக்குக் கடைசிக் குழாய். 2022 டிசம்பரில் வேங்கைவயல் காலனியின் குடிநீர்த் தொட்டியில் மலம் கலக்கப்பட்டதை நாடே பார்த்தது. முதலுதவிப் புத்தகம் எழுதுகிறவர்கள் வீட்டில் குழாய் இருக்கிறது, திறந்தால் வருகிறது. நமக்கு அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் மாற்றி எழுதிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

குடத்துத் தண்ணீரைச் சொம்பில் மொண்டு, காயத்தின் மேல்பக்கத்திலிருந்து நூலாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஒருவர் ஊற்ற, இன்னொருவர் பக்கத்து வீடுகளில் குடம் சேகரிக்க வேண்டும். கையோ காலோ வெந்திருந்தால் அகன்ற அன்னக்கூடையில் தண்ணீர் வைத்து அதில் முக்கி வைக்கலாம். தண்ணீர் வெதுவெதுப்பானதும் மாற்ற வேண்டும். இரண்டு குடம்தான் இருக்கிறது என்றால், சுத்தமான பருத்தித் துணியை நனைத்துப் போட்டு, சூடாக ஆக எடுத்து மறுபடி நனைத்துப் போட வேண்டும். பக்கத்தில் பம்புசெட் ஓடினால் அங்கே தூக்கிக்கொண்டு ஓடுவது நல்லது. தோட்டக்காரர் என்ன சொல்வாரோ என்ற தயக்கத்தில் வெந்த பிள்ளையை வைத்துக்கொண்டு வரப்பில் நின்றவர்களை நாம் அறிவோம். உயிர் போகிற நேரத்தில் கிணற்றுக்கு உரிமை கேட்க வேண்டியதில்லை. தடுத்தால் அது வன்கொடுமைச் சட்டத்தில் வரும் குற்றம் என்பதைப் பிறகு பேசிக்கொள்ளலாம்.

தண்ணீர் ஊற்றும்போதே வளையல், மோதிரம், மெட்டி, கொலுசு, வாட்ச், அரைஞாண் கயிறு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். அரை மணியில் உடம்பு வீங்கிவிடும். பிறகு மோதிரமே விரலுக்குச் சுருக்குக் கயிறாகி ரத்தத்தை நிறுத்திவிடும். துணி தோலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் இழுக்கக் கூடாது. ஒட்டாத பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தால் போதும். நைலான், பாலியஸ்டர் சேலைகள் எரியும்போது உருகித் தோலில் அப்பிக்கொள்ளும். பட்டாசு ஆபீசில் பருத்தித் துணிதான் உடுத்த வேண்டும் என்று விதி சொல்வது இதனால்தான்.

உடம்பில் பாதி வெந்த ஆளுக்கும் தண்ணீர் வேண்டும். ஆனால் குளிர் நடுக்கம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே ஊற்ற வேண்டும். குறிப்பாகக் குழந்தைகளுக்கு. நடுக்கம் வந்தால் நிறுத்திவிட்டு, துவைத்துக் காய்ந்த வெள்ளை வேட்டியால் காயத்தை மூடி, அதற்கு மேல் போர்வை போர்த்தி, 108-ஐ எதிர்பார்த்திருக்க வேண்டும். பஞ்சு வைக்கக் கூடாது. அதன் நார் காயத்தில் ஒட்டிக்கொள்ளும்.

பட்டாசு விபத்துக்கு ஒரு எச்சரிக்கை தனியாகச் சொல்ல வேண்டும். அலுமினியப் பொடி கலந்த மருந்து எரிகிற இடத்தில் தண்ணீரை எடுத்துக்கொண்டு போகக் கூடாது. எரிகிற உலோகப் பொடியில் தண்ணீர் பட்டால் தீ மூர்க்கமாகும். அதற்கு மணல்தான். ஆளைத் தூரத்துக்கு இழுத்து வந்து, உடம்பில் எரிகிற தீயை நனைத்த சாக்கையோ கம்பளியையோ சுற்றி அணைத்து, அல்லது தரையில் உருட்டி அணைத்து, மருந்து படிந்த துணியைக் கழற்றி எறிந்துவிட்டு, அதற்குப் பிறகு தண்ணீர். எரிகிற உடம்போடு ஓடவே கூடாது. ஓட ஓடக் காற்று வாங்கித் தீ முகத்துக்கு ஏறும். வேலை முடிந்து வருகிற பெண்களின் கையிலும் முடியிலும் சாம்பல் நிறத்தில் பளபளவென்று பொடி படிந்திருக்கும். குளித்துத் துணி மாற்றாமல் அடுப்பங்கரைக்குப் போக வேண்டாம், அக்கா. வீட்டில் கருந்திரி உருட்டுகிறவர்களிடமும் சொல்கிறோம். அது சட்டப்படி குற்றம் என்பது ஒரு பக்கம், பிள்ளைகள் படுத்துத் தூங்கும் அறையில் வெடிமருந்து இருக்கிறது என்பது இன்னொரு பக்கம். அந்த வேலையை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தன் கணக்கில் அதைக் காட்டாத முதலாளிக்கு எந்தத் தீயும் படுவதில்லை.

இங்க், பேஸ்ட், தோசை மாவு

சுட்ட இடத்தில் என்னென்ன தடவுகிறார்கள் என்று நாம் போகிற ஊர்களில் கேட்டுக் குறித்து வைத்த பட்டியல் நீளமானது: நீல இங்க், பற்பசை, தோசை மாவு, மஞ்சள், தேங்காய் எண்ணெய், முட்டை வெள்ளைக்கரு, காபித்தூள், உப்பு, சாணி. இங்க் எப்படி வந்தது என்று யோசித்தோம். முன்பு ஆஸ்பத்திரிகளில் ஜென்ஷன் வயலெட் என்ற ஊதா மருந்தைத் தீப்புண்ணில் பூசுவார்கள். அதைப் பார்த்து, கையில் கிடைத்த பேனா மையை ஊற்றும் பழக்கம் தொற்றியிருக்க வேண்டும். நம் மக்கள் மூடர்கள் என்று இதற்குப் பொருள் இல்லை. ஆஸ்பத்திரி எட்டாத தூரத்தில் இருந்தவர்கள் கண்ணால் கண்டதைக் கையால் செய்து பார்த்தார்கள். ஆனாலும் இவற்றில் ஒன்றுகூட முதலுதவி இல்லை. எண்ணெயும் பேஸ்ட்டும் சூட்டை உள்ளேயே மூடி வைக்கின்றன. மாவும் சாணியும் கிருமியைக் கொண்டுவருகின்றன. மையும் மஞ்சளும் நிறத்தை மறைத்துவிடுவதால் காயம் எவ்வளவு ஆழம் என்று டாக்டரால் பார்க்க முடியாது. அதையெல்லாம் சுரண்டிக் கழுவ வேண்டும். அந்த வலியைப் பட்டவர்களிடம் கேட்க வேண்டும்.

கொப்புளத்தை உடைக்கக் கூடாது. அதன் தோல், காயத்துக்கு இயற்கை போட்ட கட்டு.

சுண்ணாம்பும் ஆசிட்டும் வேறு. சுட்ட சுண்ணாம்புத் தூள் உடம்பில் கொட்டினால் உடனே தண்ணீர் ஊற்றினால் சூடு கிளம்பும். முதலில் காய்ந்த துணியால் தட்டி உதறிவிட்டு, பிறகு நிறையத் தண்ணீர், அதுவும் விடாமல். வெள்ளையடிக்கும்போது கண்ணில் சுண்ணாம்பு தெறித்தால் இமையை விரித்துப் பிடித்து அரை மணி நேரமாவது கழுவிக்கொண்டே இருந்துவிட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். கழுவாமல் ஓடுகிற அரை மணியில் பார்வை போய்விடக்கூடும். மின்சாரம் தாக்கியவருக்கு வெளியில் ஒரு மிளகு அளவுக் கருகல்தான் தெரியும். உள்ளே தசை நீளத்துக்கும் வெந்திருக்கலாம், இதயம் தடுமாறலாம். ‘ஒண்ணுமில்லண்ணே, லேசா ஷாக்’ என்று சொல்லி வீட்டுக்குப் போக விடக் கூடாது.

நம் தோலில் எப்படித் தெரியும்?

மாணவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. பாடப்புத்தகமும் முதலுதவிச் சுவரொட்டியும் முதல் நிலைத் தீக்காயம் என்றால் ‘தோல் சிவந்து போகும்’ என்று எழுதியிருக்கும். படமும் வெளுத்த தோலில்தான் போட்டிருக்கும். கறுத்த தோல் அப்படிச் சிவந்து காட்டாது. வெயிலில் வேலை செய்து இன்னும் கறுத்த கையில், மேலோட்டமான தீக்காயம் பக்கத்துத் தோலைவிடக் கொஞ்சம் அடர்த்தியாகவோ, ஊதா கலந்தோ மட்டும் தெரியலாம். ஒன்றுமே தெரியாமலும் போகலாம். ‘சிவக்கலையே, அப்ப ஒண்ணுமில்ல’ என்று முடிவுகட்டுவது தவறு. கண்ணை மட்டும் நம்பாமல் புறங்கையை வைத்துச் சூடு பார்க்க வேண்டும். பக்கத்துத் தோலோடு ஒப்பிட்டு வீக்கம் பார்க்க வேண்டும். தொட்டால் வலிக்கிறதா என்று கேட்க வேண்டும்.

அடுத்த நிலையில் கொப்புளம் வரும், மேல்தோல் உரிந்து அடியில் ஈரமான இளஞ்சிவப்பு தெரியும், காற்றுப் பட்டாலே உயிர் போகிற வலி இருக்கும். இது ஆறக்கூடிய காயம். மேலோட்டமாக இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் ஆறும். கடைசி நிலைதான் ஏமாற்றும். தோல் முழு ஆழத்துக்கும் வெந்துவிட்டால் அங்கே நரம்பு நுனிகளும் கருகிவிடும். அதனால் வலி இருக்காது. தொட்டால் பதப்படுத்திய தோல் மாதிரி விறைப்பாக, மெழுகு வெளுப்பாகவோ பழுப்பாகவோ கரியாகவோ இருக்கும். ‘வலிக்கலேன்னு சொல்றான், நல்லாத்தான் இருக்கான்’ என்று வெந்த ஆளைத் திண்ணையில் உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்த கதைகளைக் கேட்டிருக்கிறோம். வலி இல்லாத தீக்காயம்தான் ஆபத்தான தீக்காயம். இதைப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வீட்டில் நாலு பேருக்குச் சொல்ல வேண்டும்.

ஆறிய பிறகும் நிறம் தன் வேலையைக் காட்டும். கறுத்த தோலில் தழும்பு தடித்து மேலெழும்புவது அதிகம். சில இடங்களில் நிறம் திரும்பாமல் வெள்ளைத் திட்டாக நிற்கும். அதைப் பார்த்து ‘வெண்குஷ்டமா?’ என்று பேருந்தில் தள்ளி உட்காருகிறவர்கள் இருக்கிறார்கள். தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று நம்மைப் பற்றி ஏற்கெனவே நினைக்கிறவர்களுக்கு இது இன்னொரு சாக்கு.

சதவீதக் கணக்கு

காயம்பட்டவருடைய கையை விரல்கள் சேர்த்து விரித்தால் அந்த உள்ளங்கைப் பரப்பு அவர் உடம்பில் சுமார் 1 சதவீதம். அவருடைய கை, நம்முடையது இல்லை. சிதறலான காயங்களை இப்படி எண்ணலாம். பெரிய காயத்துக்கு ஒன்பதுகளின் கணக்கு: பெரியவர்களுக்குத் தலையும் கழுத்தும் 9, ஒவ்வொரு கையும் 9, ஒவ்வொரு காலும் 18, முன்பக்க உடல் 18, முதுகுப்பக்கம் 18, பிறப்புறுப்பு 1. கூட்டினால் 100 வரும். கைக்குழந்தைக்குத் தலை பெரியது, அது மட்டுமே சுமார் 18. கஞ்சி வடிக்கும்போதோ, தரையில் இறக்கி வைத்த சாம்பாரிலோ குழந்தை தலையோடு விழுந்தால் ஏன் இவ்வளவு அஞ்ச வேண்டும் என்பது இதில் தெரியும். வெறும் தோல் தடித்த இடத்தைக் கணக்கில் சேர்ப்பதில்லை. கொப்புளமும் அதற்கு மேலும் உள்ள இடம்தான் கணக்கு.

இந்த எண் உயிரைப் பிடித்து நிறுத்தும் எண். வெந்த உடம்பிலிருந்து நீர்ச்சத்து வெளியேறிக்கொண்டே இருக்கும். அதை ஈடுகட்ட நரம்பு வழியாக ரிங்கர் லாக்டேட் ஏற்றுவார்கள். எவ்வளவு என்பதற்கு ஒரு சூத்திரம்: 4 மில்லி, பெருக்கல் எடை கிலோவில், பெருக்கல் வெந்த சதவீதம். 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 30 சதவீதம் என்றால் 6,000 மில்லி, அதாவது 24 மணி நேரத்தில் 6 லிட்டர். அதில் பாதி, 3 லிட்டர், முதல் 8 மணி நேரத்துக்குள். அந்த 8 மணி நேரம் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கும்போது ஆரம்பிப்பதில்லை, தீப்பட்ட நிமிடத்திலிருந்து ஓடுகிறது. அரசு ஆஸ்பத்திரியிலிருந்து அடுத்த ஆஸ்பத்திரிக்கு, அங்கிருந்து மதுரைக்கு என்று அனுப்பி மூன்று மணி நேரம் போயிருந்தால், மீதி ஐந்து மணி நேரத்தில் அந்த 3 லிட்டரை முடிக்க வேண்டும். ஆகவே தீப்பட்ட நேரத்தை யாராவது ஒருவர் குறித்துவைத்து, ஒவ்வொரு டாக்டரிடமும் சொல்ல வேண்டும். வேறொரு இடத்துக்கு அனுப்பினால், ‘டாக்டர், டிரிப் போட்டு அனுப்புங்க’ என்று கேட்பதில் தவறே இல்லை.

வழியில் தாகம் என்று கேட்டால் குடம் குடமாகக் கொடுக்கக் கூடாது, வாந்தி எடுப்பார்கள். நினைவு தெளிவாக இருந்து, ஆஸ்பத்திரி தூரமாக இருந்தால் உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கலாம். பூட்டிய அறைக்குள் புகையில் சிக்கியவரின் குரல் கம்மிப்போனால், மூக்கு முடி கருகியிருந்தால், எச்சிலில் கரி வந்தால், வெளிக்காயம் இல்லாவிட்டாலும் உட்கார வைத்தே உடனடியாகக் கொண்டுபோக வேண்டும். தொண்டை வீங்கி மூச்சை அடைப்பதற்கு அதிக நேரம் ஆகாது.

முகம், கை, பாதம், பிறப்புறுப்பு, மூட்டு இவற்றில் பட்ட காயம் சிறிதானாலும் ஆஸ்பத்திரிதான். கையையோ காலையோ வளையம்போலச் சுற்றி வெந்ததும் அப்படியே. குழந்தை, கர்ப்பிணி, வயதானவர், சர்க்கரை நோயாளி என்றால் யோசிக்கவே வேண்டாம். கைமருத்துவம் பார்த்து இரண்டு வாரமாகியும் ஆறாத புண்ணையும் ஆஸ்பத்திரியில் காட்ட வேண்டும்.

‘ஸ்டவ் வெடிச்சிருச்சு’

பிழைப்பவர்களிலும் முதல் வாரம் கடந்தபின் இறப்பவர்களைக் கொல்வது பெரும்பாலும் கிருமித்தொற்று. அதனால்தான் மதுரை அரசு இராஜாஜி மருத்துவமனை, சென்னை கீழ்ப்பாக்கம் போன்ற இடங்களில் தீக்காயத்துக்குத் தனிப்பிரிவு இருக்கிறது. 2022 ஜனவரியில் தொடங்கப்பட்ட விருதுநகர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நமக்குப் பக்கத்தில் வந்திருப்பது நல்ல செய்தி. வார்டுக்குள் சொந்தக்காரர்கள் கூட்டமாகப் போகக் கூடாது என்று செவிலியர் தடுத்தால் கோபப்பட வேண்டாம். ஆனால் கட்டு மாற்றும்போது வலிமருந்து கொடுக்காமல், ‘காலனிக்காரங்க தாங்குவாங்க’ என்று ஒருவர் சொன்னதைக் காதால் கேட்டோம். அதற்குக் கோபப்படலாம். வலிமருந்து கேட்பது நோயாளியின் உரிமை. கேட்டும் கிடைக்காவிட்டால் இருப்பிட மருத்துவ அலுவலரிடம் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வார்டின் பெண்கள் பக்கத்தில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வருகிறது: ‘ஸ்டவ் வெடிச்சிருச்சு.’ சில நேரம் அது உண்மை. சில நேரம் பக்கத்தில் மாமியாரோ கணவனோ நிற்பதால் வருகிற வாக்கியம். வெடித்த அடுப்பு முகத்தையும் முன்பக்கத்தையும் சுடும். மண்ணெண்ணெய் ஊற்றிய உடம்பு தலையிலிருந்து கீழே வழிந்து, முதுகிலும் வெந்திருக்கும், முடியில் வாடை இருக்கும். இதையெல்லாம் கவனித்து எழுத வேண்டியது டாக்டரின் வேலை. கேட்டுப் பதிவுசெய்ய வேண்டியது மாஜிஸ்திரேட்டின் வேலை. பெண்ணோடு போகிற தாய் வீட்டார், அவள் தனியாகப் பேச ஒரு நேரம் வாங்கிக் கொடுக்க வேண்டும். பெரிய தீக்காயத்திலும் முதல் ஒரு நாள் நினைவு தெளிவாக இருக்கும். அந்த நேரம் தவறினால் வாக்குமூலமும் தவறும். கல்யாணமாகி ஏழு ஆண்டுக்குள் நடந்த சாவு என்றால் ஆர்.டி.ஓ. விசாரணை உண்டு. சாதி மாறிக் கட்டிக்கொண்ட நம் பெண் பிள்ளைகள் விஷயத்தில் இதை இரண்டு மடங்கு கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அந்தச் சதவீதம் சட்டத்திலும் பேசுகிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்ட விதிகளில் 2016-இல் வந்த திருத்தம், ஆசிட் வீச்சுக்கு நிவாரணத்தைக் காய அளவை வைத்தே பிரித்தது. முகம் தவிர்த்த உடம்பில் 10 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 85,000 ரூபாய். 10 முதல் 30 வரை என்றால் 4,15,000. முகத்தில் 2 சதவீதத்துக்கு மேல், அல்லது உடம்பில் 30-க்கு மேல் என்றால் 8,25,000. இது அந்தத் திருத்தத்தின் கணக்கு, இன்றைய தொகையை மாவட்ட ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளலாம். நம் வீட்டுக்குத் தீ வைத்தால் அது சாதாரணத் தகராறு வழக்கு இல்லை. குடியிருப்பை அழிக்கும் நோக்கில் தீ வைப்பதற்கு அந்தச் சட்டத்தின் 3(2)(iv) பிரிவு ஆயுள் தண்டனை சொல்கிறது. அந்தப் பிரிவு முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறதா என்று படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட வேண்டும். பட்டாசு விபத்துகளிலும் 2021-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றும், காயம்பட்டவர்களுக்கு வெந்த சதவீதத்தைப் பொறுத்தும் இழப்பீடு விதித்தது. ஆகவே டிஸ்சார்ஜ் அட்டையில் சதவீதம் எழுதப்பட்டிருக்கிறதா, ஆழம் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்காமல் ஆஸ்பத்திரியை விட்டு வரக் கூடாது. ‘பர்ன்ஸ்’ என்று ஒற்றைச் சொல்லோடு வந்த அட்டையை வைத்துக்கொண்டு அலைகிற குடும்பங்கள் உண்டு. ஆபீசில் இ.எஸ்.ஐ. பிடித்திருந்தால் வேலையின்போது பட்ட காயத்துக்கு, ஓய்வில் இருக்கும் நாட்களுக்குச் சராசரிக் கூலியில் 90 சதவீதம் கிடைக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே பட்டாலும் இது உண்டு. உள்குத்தகைக்கு விட்ட ஆபீசில் பெயரே பதிவில் இல்லை என்பார்கள். கூலி வாங்கிய சீட்டு, போன் செய்தி, கூட வேலை பார்த்த மதினியின் சாட்சி எதையும் விட்டுவிடக் கூடாது.

புண் ஆறியதும் வேலை முடியவில்லை

ஆறுகிற தோல் சுருங்கும். ஓராண்டுக்கும் மேல் சுருங்கிக்கொண்டே இருக்கும். கழுத்து வெந்தவர் தலையணை வைத்துப் படுத்தால் தாடை நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும். தலையணை வேண்டாம், தோளுக்கு அடியில் துணியைச் சுருட்டி வைத்துக் கழுத்து பின்னால் சாய்கிற மாதிரி படுக்க வேண்டும். முழங்கை வெந்தவர் வலிக்கிறது என்று மடக்கியே வைத்திருப்பார், நீட்டிக் கட்டை வைத்துக் கட்ட வேண்டும். விரல்களுக்கு நடுவில் தனித்தனியாகத் துணி வைத்துக் கட்டாவிட்டால் ஒன்றோடொன்று ஒட்டி வளரும். அக்குள் வெந்திருந்தால் கையை விலக்கித் தொங்க விடாமல் வைக்க வேண்டும். சுகமாக இருக்கிற நிலைதான் முடமாக்குகிற நிலை என்று பிசியோதெரபி படித்த ஒரு தம்பி சொன்னார். ஒரு நாளுக்கு நான்கைந்து தடவை அசைத்து நீட்ட வேண்டும். கண்ணீர் வரும். வீட்டில் யாராவது ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து எண்ண வேண்டும். ஆறிய தழும்பில் தேங்காய் எண்ணெய் தேய்த்து அழுத்தி நீவலாம், இப்போதுதான் எண்ணெய்க்கு நேரம். வெயிலில் மூடிக்கொள்ள வேண்டும்.

இழுத்துக்கொண்ட தோலை அறுத்துவிட்டு வேறு தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் பிளாஸ்டிக் சர்ஜரிப் பிரிவில் நடக்கிறது. பிளாஸ்டிக் சர்ஜரி என்றால் சினிமாக்காரர்களுக்கு என்று நினைத்து மடங்கிய கையோடு பத்து வருடம் இருந்தவர்களைப் பார்க்கிறோம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை இருந்தால் கூட எடுத்துப் போக வேண்டும். ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மற்றத் தீக்காயங்களில் கை, கால், கழுத்து அசைவு குறைந்திருந்தால் உடல் இயக்கக் குறைபாடாக அளந்து சான்று கேட்கலாம். மருத்துவ முகாம் நாளை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விசாரித்து, டிஸ்சார்ஜ் அட்டை, ஆதார், புகைப்படத்தோடு போக வேண்டும். புகைப்படம் முகத்துக்கு மட்டும் போதாது, மடங்கிய கையையும் எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.